முந்தைய வாரக்காரர்

விலையை அவள் கையுறையின் மேல்தான் எழுதிக்கொண்டாள். தொலைபேசி வந்தபோது மேசையில் பதினெட்டு ரத்தக் குப்பிகள் வரிசையாக நின்றிருந்தன. வலது கையில் குப்பிகளுக்கு எண் போடும் கறுப்புப் பேனா. காகிதம் தேட நேரமில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, மறுமுனையிலிருந்தவர் சொன்னதை இடது புறங்கையில், நீல ரப்பரின் மேல், எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் எத்தனை பூஜ்ஜியம் என்று எண்ணிப் பார்த்தாள். அவளுடைய முப்பது மாதச் சம்பளம் அது. சோதனைக்கூடத்தில் வேலை முடிந்ததும் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவி மஞ்சள் தொட்டியில் போட வேண்டும் என்பது விதி. அன்று மதியமும் அப்படித்தான் போட்டாள். எண் உள்ளே சுருண்டுகொண்டது. ஆனால் அதற்குள் அது மனதில் பதிந்துவிட்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேருந்தின் இரைச்சலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது.

விற்பனைக்கு இருந்தது ஒரு வாரம். மலைமேல் ஏரிக்கரையில் ஒரு விடுதி. அதில் நாற்பது சின்ன வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐம்பத்திரண்டு சொந்தக்காரர்கள், ஆளுக்கு ஒரு வாரம். டைம்ஷேர் என்று அதற்குப் பெயர். மூன்றாம் மாடி, பதினான்காம் எண் வீட்டின் முப்பத்தொன்றாவது வாரம் அவர்களுடையது. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா வாங்கினார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மனிதர். இலவச மதியச் சாப்பாடு என்று யாரோ கூப்பிட்டார்கள் என்பதற்காகப் போய், மூன்று மணி நேரம் பேச்சு கேட்டு, சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, கையில் ஒரு சாவி படம் போட்ட அட்டையோடு திரும்பி வந்தார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. சித்தப்பா மட்டும் ஓயாமல் பேசினார். "ஏழு நாள் ராஜா" என்று அப்பாவுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். "மிச்ச அம்பத்தோரு வாரம் ராஜா எந்தக் காட்டுல?" என்பார். அப்பா சிரிக்கமாட்டார். மிச்ச ஐம்பத்தொரு வாரமும் அவர்கள் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். அவளுக்குத் தெரிந்து ஐந்து வீடுகள் மாறியாயிற்று. ஒவ்வொரு முறையும் முகவரி மாறியது, இரண்டு முறை தொலைபேசி எண்ணும் மாறியது. மாறாமல் இருந்தது அந்த ஒரு வாரம்தான். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கதவு திறக்கும். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அப்பா இறந்த ஆண்டு அவள் அதைத் தலைமுழுகிவிடப் பார்த்தாள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் குரல்வளையைப் பிடித்தது. விற்க ஆளைத் தேடினாள். வாங்க ஆளில்லை. சும்மா கொடுக்கிறேன் என்றாள். அதற்கும் ஆளில்லை. "எங்களுக்கே தாங்கல, உங்களுதையும் எங்க தலைல கட்டப் பாக்கறீங்களா?" என்று ஒருவர் தொலைபேசியிலேயே சிரித்தார். அது ஐந்து வருடத்துக்கு முன்பு. பிறகு ஏரியைச் சுற்றி இனிமேல் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்று தடை வந்தது. மலைப்பாதையை அகலப்படுத்தினார்கள். இருக்கிற வாரங்கள் மட்டும்தான், புதிதாக ஒன்றும் வராது என்று தெரிந்ததும் விலை எழுந்து உட்கார்ந்தது; பிறகு நடந்தது; இந்த வருடம் ஓடுகிறது.

வாடகை வீட்டுக்காரர் மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லியிருந்தார். மகனைக் குடிவைக்கப்போகிறாராம். சோதனைக்கூடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வந்திருந்தது. இரண்டு அறை, மின்தூக்கி உண்டு, அம்மாவின் முட்டிக்கு அது போதும். கையுறையில் எழுதிய எண் அந்த வீட்டின் முன்பணத்துக்கு அச்சாக ஒத்துப்போனது. அவள் வாழ்க்கையில் இரண்டு எண்கள் இப்படி ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

இதை எல்லாம் அம்மாவிடம் சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. பெரிய காரியம் அண்ணன்.

பதினேழு வருடத்துக்கு முன்பு, அதே வாரத்தின் மூன்றாம் நாள், அந்தப் பதினான்காம் எண் வீட்டிலிருந்துதான் அவன் போனான். பத்தொன்பது வயது. நான்கு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை என்பதை அங்கே வைத்துச் சொன்னான். ஏரியைப் பார்த்தால் அப்பா இளகுவார் என்று கணக்குப் போட்டிருந்தான் போலிருக்கிறது. அப்பா இளகவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "இது என் வீடு. என் வாசல்ல இனிமே கால் வைக்காதே" என்றார். அண்ணன், "ஏழு நாளைக்குத்தானப்பா இது உங்க வாசல். அதுக்கப்புறம் வேற யார் வாசலோ" என்றான்.

அவள் அப்போது தொட்டியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். கிண்டல் அவ்வளவு கச்சிதமாக விழுந்தது. சிரிப்பு தானாக வந்துவிட்டது. அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அதுவரை அவர் முகத்தில் இன்னும் ஏதோ ஒரு கதவு திறந்திருந்தது என்று அவளுக்குத் தோன்றும். அவள் சிரித்தாள், அது மூடிக்கொண்டது. அண்ணன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். படியில் அவன் காலடி மூன்று மாடிக்கும் கேட்டது. யாரும் பின்னால் போகவில்லை. பேருந்துக்குப் பணம் வைத்திருந்தானா என்று அம்மா மறுநாள்தான் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு அம்மா ஒரு வருடம்கூட அந்த வாரத்தைத் தவறவிட்டதில்லை. முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்த ஆண்டும் ஊன்றுகோலோடு மூன்று மாடி ஏறினாள். அம்மாவின் கணக்கு எளிமையானது. "நாம வீடு மாத்திக்கிட்டே இருக்கோம். அவன் எங்கன்னு வந்து தேடுவான்? அந்த ஒரு வாரம்தான் நாம எங்க இருப்போம்னு அவனுக்குத் தெரியும்." இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு சொல்லத் தேவைப்படவில்லை. வருடத்துக்கு ஏழு நாள் அம்மா அந்த வீட்டுக் கதவைத் தாழிடமாட்டாள். சாத்தி வைப்பாள், அவ்வளவுதான். அவள் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, நடைபாதையில் போகிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அம்மாவின் மூச்சு நின்று நின்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்படிப் பதினாறு வாரங்கள். கூட்டினால் நான்கு மாதம் வரும்.

அவள் விலையைச் சொன்னபோது அம்மா பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். தட்டைச் சாய்த்துக் கல்லை ஓரமாக ஒதுக்கியபடி கேட்டாள்.

"அவ்ளோவா?"

"அவ்ளோதான். இப்ப குடுத்தா. அடுத்த மாசம் எப்படியிருக்கும்னு தெரியாது."

"உங்கப்பா இருந்திருந்தா உங்க சித்தப்பாவுக்குப் போன் போட்டிருப்பார். வேற ஒண்ணுமே சொல்லமாட்டார். விலைய மட்டும் சொல்லிட்டு வெச்சிடுவார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்ந்த இடத்தில் அவள் படிவத்தை எடுத்து வைத்தாள். வாரம் அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா மறுப்பாள், அழுவாள், இரண்டு நாள் சாப்பிடமாட்டாள், அதற்கெல்லாம் என்னென்ன பதில் என்று பேருந்தில் வரும்போதே தயாரித்து வைத்திருந்தாள். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மூக்குக்கண்ணாடிகூடப் போடவில்லை. எழுத்துகள் கோட்டைவிட்டு மேலேறிப் போயின.

"என்னம்மா, படிக்காமயே போட்டுட்டே."

"உனக்கும் ஒரு வீடு வேணும்ல" என்றாள் அம்மா. பயற்றுத் தட்டை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். "இந்த வருஷம் மட்டும் போய்ட்டு வந்துடலாமா? அதுக்கப்புறம் குடுக்கறதுன்னா நல்லா இருக்கும். முடியலன்னா வேணாம்."

தயாரித்த பதில்கள் எல்லாம் அப்படியே கையில் தங்கிவிட்டன. அவற்றை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாலை மறுவிற்பனை அலுவலகத்துக்குப் போனாள். ஒரு மாடிக்கட்டடத்தில் பல் மருத்துவருக்குப் பக்கத்து அறை. சுவரில் ஏரியின் படம். அங்கிருந்தவர் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, இரண்டு தொலைபேசிகளைக் கையாண்டுகொண்டிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. அஞ்சு வருஷம் முன்னாடி இந்த நாற்காலில உக்காந்து நான் ஈ ஓட்டிட்டிருந்தேன். வாரத்த விக்கறேன்னு வந்தவங்கள்லாம் என்னையும் சேத்துத் திட்டிட்டுப் போவாங்க. இப்ப பாருங்க, பல்வலிக்கு வந்தவங்ககூட இங்க எட்டிப் பாத்து விலை கேக்கறாங்க." படிவத்தை வாங்கிக்கொண்டு திரையில் எண்ணைத் தட்டினார். "மூணாவது மாடி. பதினாலு. முப்பத்தொண்ணு." தட்டுவதை நிறுத்தினார். திரைக்குக் கொஞ்சம் நெருங்கினார். "அடடே. உங்க ராசி நல்ல ராசி மேடம்."

"என்ன?"

"அடுத்தடுத்த ரெண்டு வாரம் சேந்து வந்தா விலை தனி. ரெண்டு வாரமா வேணும்னுதான் பெரிய ஆளுங்க கேக்கறாங்க. உங்களுக்கு முந்தின வாரம், அதே வீடு, முப்பது. அதுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர். மூணு தடவை நானே கேட்டுட்டேன், என்ன விலை குடுத்தாலும் குடுக்கமாட்டேன்னுட்டார். ஆனா அவர் ஒரு கடிதம் எழுதி வெச்சிருக்கார் பாருங்க." திரையை அவள் பக்கம் திருப்பவில்லை. வாசித்தார். "முப்பத்தொன்றாம் வாரம் விற்கப்பட்டால், அன்றே என்னுடையதையும் விற்றுவிடவும். விலை எதுவானாலும் சம்மதம். அதுவரை என்னைக் கேட்க வேண்டாம்." நிமிர்ந்து பார்த்தார். "விசித்திரமான ஆள். ஆனா நமக்கு நல்லதாப் போச்சு. உங்களுக்கு ஒண்ணரை மடங்கு கிடைக்கும்."

பல் மருத்துவர் அறையிலிருந்து எந்திரத்தின் மெல்லிய கிறீச் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். கையுறை இல்லாத கைகள்.

"அவர் பேரு?"

"பேர் சொல்லக்கூடாது மேடம். விதி."

"எப்ப வாங்கினார்?"

"ஏழு வருஷம் ஆகுது. அப்ப விலையே கிடையாது. பேர் மாத்தற கட்டணம் மட்டும் கட்டி வாங்கினார். யாரும் வாங்காத காலத்துல, அதே வீடு, அதே வாரம்தான் வேணும்னு ஆறு மாசம் காத்திருந்து வாங்கினார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அந்த வருஷம் நான் வித்தது அது ஒண்ணுதான்."

"குடும்பமா வருவாங்களா?"

"தனியாத்தான்னு எழுதியிருக்கு. ஒரு ஆள்." இப்போதுதான் அவர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "தெரிஞ்சவரா மேடம்?"

"தெரியல" என்றாள். அது பொய்யில்லை. படிவத்தை மேசையிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மா கையெழுத்து கோட்டுக்கு வெளிய போயிருக்கு. இன்னொரு தடவை வாங்கிட்டு வரேன்."

"இதே போதுமே மேடம்."

"இல்ல, வாங்கிட்டு வரேன்."

"சரி. இந்த வருஷ வாரத்த அனுபவிச்சுட்டே வந்து குடுங்க. ஆனா அதுக்கடுத்த திங்கட்கிழமையத் தாண்டிடாதீங்க. வாங்கறவங்க வேற பக்கம் திரும்பிட்டா நான் பொறுப்பில்ல."

ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்பது அவள் வேலையில் முதல் பாடம். இரண்டாம் முறை சோதிக்க வேண்டும். முடிந்தால் மூன்றாம் முறை. அன்று இரவு சமையலறையில் பாத்திரம் கழுவியபடி அவள் மூன்று முறை சோதித்தாள். யாராகவும் இருக்கலாம். தனியாக வரும் யாரோ ஒரு ஓய்வு பெற்றவர். அடுத்த வாரக்காரர்கள் விற்றால் வீட்டின் நிலை கெடும் என்று பயப்படுகிற கஞ்சன். ஆனால் ஒவ்வொரு முறையும் சோதனை முடிகிற இடத்தில் அந்த வாசல் வந்து நின்றது. என் வாசலில் கால் வைக்காதே என்றார் அப்பா. அது ஏழு நாளைக்கு மட்டும்தான் அப்பாவின் வாசல். அதற்கு முந்தைய நாள் வரை வேறு யாருடைய வாசலோ. அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா, அப்பா சொன்ன சொல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்த ஜன்னல். ஏரியைப் பார்த்த இரட்டைக் கதவு ஜன்னல். மழைக்கு ஊதிய மரம். கொக்கி எப்போதும் எட்டாது. காற்றடித்தால் இடது கதவு ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளும். அதற்கு வைத்தியம் கண்டுபிடித்தவன் அண்ணன்தான், பத்து வயதில். பயணச்சீட்டையோ எந்தக் காகிதத்தையோ நாலாக மடித்து, ஒரு ஓரத்தைப் பல்லால் கடித்து ஆப்பு மாதிரி மெலிதாக்கி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகிவிடுவான். அவன் போன பிறகு பத்து வருடம் ஜன்னல் அடித்துக்கொண்டது. நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கினார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை உள்ளே நுழைந்தபோது ஜன்னலில் காகிதம் இருந்தது. அம்மா அதை உருவிப் பார்த்துவிட்டு நின்றாள். அப்பா அம்மாவின் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். கடித்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "யாரோ விவரமான ஆள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு அவர் நாற்காலியை முட்டுக்கொடுக்கவில்லை. வருடாவருடம் ஒரு காகிதம் இருந்தது. வருடாவருடம் அம்மா அதை எடுத்துத் தன் கண்ணாடிக்கூட்டுக்குள் போட்டுக்கொண்டாள். "எல்லாரும் அப்படித்தாம்மா செருகுவாங்க" என்று அவள் சொல்லியிருக்கிறாள். பல்லால் கடித்தால் காகிதம் மெலியும், யார் கடித்தாலும் மெலியும், என்று விளக்கியிருக்கிறாள். அம்மா தலையாட்டியிருக்கிறாள். அம்மாவின் மூளை மெல்ல நழுவுகிறதோ என்று பயந்து ஒரு மருத்துவரிடம்கூடக் கேட்டிருக்கிறாள்.

அம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா விடியற்காலையிலேயே போய் அந்தக் கதவின் முன் நிற்பாள். அவன் திறந்து பார்ப்பான். அதற்கப்புறம் என்ன என்பதை அவளால் நினைக்க முடியவில்லை. அவன் எழுதி வைத்திருந்த கடிதத்தில் வருகிறேன் என்று இல்லை. நீங்கள் இருக்கும்வரை நானும் இருக்கிறேன் என்று மட்டும்தான் இருந்தது.

மலைக்கு நாளொன்றுக்கு மூன்று பேருந்துகள். மதியப் பேருந்தில் போனால் மூன்றரைக்குச் சேரலாம். எப்போதும் அதில்தான் போவார்கள். முதல் பேருந்து காலை ஒன்பதரைக்கே மேலே சேர்ந்துவிடும். நடுப் பேருந்து பத்து ஐம்பதுக்கு. அவள் நடுப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாள். ஒன்பதரைக்கு எடுக்க விரல் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. பத்து மணிக்கு ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டிருப்பார். அவர் தொட்ட எதையும் இன்னும் யாரும் துடைத்திருக்கமாட்டார்கள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், இரண்டாம் சோதனை. அம்மாவிடம், "மதிய பஸ்ல இடமில்ல" என்றாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று ஊரைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஏரியின் அணைக்குக் கொஞ்சம் கீழே ஒற்றை வண்டி போகிற பாலம் ஒன்று உண்டு. பாதையை அகலப்படுத்தியவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏறுகிற வண்டி நின்று, இறங்குகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். அவர்கள் பேருந்து ஓரமாக நின்றது. நேரம் பத்து முப்பத்தைந்து. எதிரே மலையிலிருந்து ஒரு பேருந்து மெதுவாகப் பாலத்தில் ஏறியது. சனிக்கிழமை பத்து மணிக்குச் சாவி கொடுத்தவர்கள் எல்லாம் அதில்தான் இருப்பார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேருந்து வரிசை வரிசையாகத் தன் ஜன்னல்களை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவள் முன்னால் நகர்த்திக்கொண்டு போகப்போகிறது. முப்பத்தாறு வயதில் ஒரு முகம் எப்படியிருக்கும் என்று அவள் கண்ணாடியில் தன் முகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பேருந்து பக்கவாட்டில் வந்தபோது அவள் தலையைக் குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். டீசல் வாடை வந்தது. ஒரு குழந்தையின் அழுகை வந்து கடந்து போனது. ஜன்னல்களின் நிழல் அவள் மடிமேல் ஒவ்வொன்றாக விழுந்து நகர்ந்தது. எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். பதினொன்று. பிறகு வெயில்.

அம்மா தூங்கிவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறவர்கள் மூடுவது மாதிரி இல்லை. ஊசி போடும்போது சிலர் மூடுவார்களே, அப்படி, இமையெல்லாம் சுருங்க, இறுக்கி. கை முன்சீட்டின் கம்பியைப் பற்றியிருந்தது. வண்டி நகர்ந்து பாலத்தைத் தாண்டும்வரை அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"போயிடுச்சா?" என்றாள் பிறகு.

"போயிடுச்சும்மா."

எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. அப்பாவுக்கும் தெரிந்துதான் இருந்ததா? தெரிந்தேதான் அம்மா பயற்றுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணாடி போடாமல், அந்தக் கையெழுத்தைப் போட்டாளா? பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. அம்மாவின் தோள் அவள் தோளில் வந்து இடித்தது. அங்கேயே தங்கியது.

வரவேற்பில் இருந்தவர் நான்கு மணிக்குத்தான் வீடு என்றார். ஆனால் துடைப்பமும் வாளியுமாகப் போய்க்கொண்டிருந்த பணிப்பெண் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். "பெட்டியையாவது மேல வெச்சுட்டுப் போகட்டும் சார், எவ்ளோ நேரம் இதத் தூக்கிட்டு உக்காருவாங்க" என்று சொல்லி, அவளே பெட்டியை வாங்கிக்கொண்டாள். மூன்று மாடியும் அம்மா நிற்காமல் ஏறினாள்.

வீடு ஏற்கெனவே துடைத்த மாதிரி இருந்தது. கட்டிலின் விரிப்பு உருவி, நாலாக மடித்துத் தலையணைமேல் வைத்திருந்தது. ஒரே ஒரு கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி மேசையில் இன்னும் ஒரு ஈர வட்டம். கொடியில் ஒரு துண்டு. அறையில் சவரக்குழம்பின் வாசனை இருந்தது. இத்தனை வருடமாக இந்த வீட்டில் அவர்கள் நுழைந்தபோதெல்லாம் இருந்தது தரை துடைக்கும் மருந்தின் வாசனைதான்.

"இவர் ஒருத்தர்தான் எனக்கு வேலையே வைக்காம போறவர்" என்றாள் பணிப்பெண். "மத்தவங்கள்லாம் படை புகுந்த மாதிரி விட்டுட்டுப் போவாங்க. இவர் போகும்போது ஒண்ணே ஒண்ணு சொல்லுவார். ஜன்னல்ல இருக்கற காகிதத்த மட்டும் எடுத்துடாதீங்க, அடுத்து வர்றவங்களுக்குத் தூக்கம் கெட்டுடும்னு. நானும் நாலு வருஷமா எடுக்கறதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சவரா அம்மா?"

அம்மா ஜன்னலின் அருகே போயிருந்தாள்.

"எங்களுக்கு அந்த ஜன்னலத் தெரியும். அவருக்கும் தெரியும்போல" என்றாள்.

பணிப்பெண் சிரித்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு, பதிமூன்றை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அம்மா இடது கதவிலிருந்து காகிதத்தை உருவினாள். நாலாக மடித்தது. ஓரத்தில் பற்களின் தடம், சிறிய சிறிய பள்ளங்கள், வரிசையாக. அம்மா அதைக் கண்ணாடிக்கூட்டில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினாள். அவள் தொட்டுப் பார்த்தாள். வருடக்கணக்காக ரத்தத்தையும் எச்சிலையும் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்த விரல் அது. கையுறை இல்லாமல் தொட்டது இதுதான் முதல் தடவை. கடித்த ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

அம்மா காகிதத்தைத் திரும்பவும் பழைய இடத்திலேயே செருகினாள். ஏரியிலிருந்து காற்று வந்தது. இடது கதவு அசையவில்லை. வலது கதவுதான் இந்த முறை அடித்துக்கொண்டது. அதன் கொக்கியும் இந்த மழையில் தளர்ந்திருக்க வேண்டும். அவனுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம், காற்று அந்தப் பக்கமிருந்து அடித்திருக்காது. ஒருமுறை அடித்து, நின்று, மறுபடி அடித்தது. அம்மா இடுப்பில் செருகியிருந்த பேருந்துச் சீட்டை எடுத்து மடித்துப் பார்த்தாள். நைந்த தாள். செருகியதும் நழுவிக் கீழே விழுந்து, ஜன்னலுக்கு வெளியே, மூன்று மாடிக்கும் கீழே போயிற்று.

"உங்கிட்ட ஏதாவது காகிதம் இருக்கா?" என்றாள் அம்மா. ஜன்னலைப் பார்த்தபடியேதான் கேட்டாள். "கொஞ்சம் தடிமனா."

அவள் பையைத் திறந்தாள். பையில் காகிதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நல்ல தடிமனான தாள். எழுத்துகள் கோட்டைவிட்டு மேலேறிப் போன கையெழுத்தோடு, திங்கட்கிழமைக்காக, மடிக்காமல் வைத்திருந்தாள். கையைப் பைக்குள் விட்டு, அதன் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். அம்மா திரும்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். காற்று மறுபடி எழுந்தது. ஒரு கதவு அசையாமல் நின்றது. இன்னொன்று அடித்தது.